பார்ட்டியின் பாஸ்வேர்டு குரூப்பில் கிடக்கிறது

கேள்வி: ஐயா, வணக்கம். ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். ஆபீஸ் நிர்வாகம் முழுக்க என் பொறுப்பு. ஆடிட்டர் சார், இரண்டு அக்கவுண்டண்ட், ஆடிட்டர் படிப்புக்குப் பயிற்சி எடுக்கும் நான்கு ஆர்ட்டிகிள் பிள்ளைகள், ஒரு ஆபீஸ் பையன், நான் என்று ஒன்பது பேர். பார்ட்டிகள், அதாவது வாடிக்கையாளர்கள், முந்நூறுக்கு மேல். எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது. பான், ஆதார், பாங்க் ஸ்டேட்மெண்ட், வருமான வரி பாஸ்வேர்டு, ஜிஎஸ்டி பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் ஒரே குரூப்பில் வந்து விழும். போன மாதம் ஒரு பிள்ளை, ஒரு பார்ட்டியின் பாங்க் ஸ்டேட்மெண்டை அதே பெயருள்ள இன்னொரு பார்ட்டிக்கு அனுப்பிவிட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே தொழில், ஒரே மார்க்கெட். பெரிய சங்கடமாகிவிட்டது. "இனி வாட்ஸ்அப் வேண்டாம், பாதுகாப்பான ஆப் ஒன்று பாரம்மா" என்று சார் என்னிடம் விட்டுவிட்டார். ஒருவர் சிக்னல் என்கிறார், ஒருவர் டெலிகிராம் என்கிறார், சாரின் மகன் 'அரட்டை' ஆப்பைப் போடச் சொல்கிறார். டீம்ஸ் வாங்கலாமா என்றும் பேச்சு. எனக்குக் கம்ப்யூட்டர் ஓரளவுதான் தெரியும். எதைப் போடுவது?

ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

ஆப் பெயரைத்தானே கேட்டிருக்கிறீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் உள்வேலைக்கும் கோப்புகளுக்கும், ஆபீஸ் பெயரில் காசு கொடுத்து வாங்கிய ஒரு கணக்கு. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஜோஹோ மூன்றில் எது கைக்குப் பழகியதோ அது. சாரும் நீங்களும் மட்டும் பேச வேண்டிய விஷயத்துக்குச் சிக்னல். பார்ட்டிகளுக்கு வாட்ஸ்அப்பே இருக்கட்டும். பாஸ்வேர்டுக்கும் ஓடிபிக்கும் எந்த மெசேஜ் ஆப்பும் வேண்டாம்.

ஒன்று கேட்டால் நாலு சொல்கிறாரே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குரூப்பில் வந்து விழுவதே நாலு வகைச் சரக்கு. காய்கறியையும் மண்ணெண்ணெயையும் ஒரே பையில் போட்டு வாங்கி வருவோமா?

முதலில் அந்த ஸ்டேட்மெண்ட் விஷயம். வாட்ஸ்அப்பின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. பிள்ளை பெயரைப் பார்த்தாள், அழுத்திவிட்டாள். சிக்னலில் இருந்திருந்தாலும் அதே பெயரைத்தான் அழுத்தியிருப்பாள். அவளை ரொம்பத் திட்டியிருந்தால் இதைக் காட்டுங்கள்: 2025 மார்ச்சில் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த மைக் வால்ட்ஸ், ஏமனில் ஹூத்திகள் மீது நடக்கவிருந்த தாக்குதலைப் பற்றிப் பேச சிக்னலில் ஒரு குரூப் தொடங்கினார். துணை அதிபர், பாதுகாப்பு அமைச்சர் உட்பட பெரிய தலைகள் எல்லாம் அதில் இருந்தார்கள். கூடவே 'தி அட்லாண்டிக்' இதழின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பர்க்கும் தவறுதலாகச் சேர்க்கப்பட்டுவிட்டார். மார்ச் 15 அன்று விமானங்கள் எப்போது கிளம்பும் என்பது வரை அவர் போனுக்கு வந்து சேர்ந்தது. சிக்னலின் பூட்டில் ஒரு கீறல் கூட இல்லை. வேண்டாத ஆளுக்குப் போன செய்தியையும் வழியில் யாரும் படிக்காதபடி பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது, அவ்வளவுதான்.

ஆக, எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் என்று எல்லோரும் சொல்கிறார்களே, தமிழில் முழு மறையாக்கம், அது வழியைத்தான் காக்கும். உங்கள் போனிலிருந்து எதிராளி போன் வரை நடுவில் இருக்கும் எவரும், அந்த ஆப்பை நடத்தும் கம்பெனி உட்பட, படிக்க முடியாது. இரண்டு முனையிலும் என்ன நடக்கிறது என்பது அதன் பொறுப்பில் இல்லை. வாட்ஸ்அப்பில் இந்த மறையாக்கம் 2016 ஏப்ரலிலிருந்து எல்லோருக்கும் இருக்கிறது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது சிக்னல்காரர்கள் உருவாக்கிய முறையையேதான். இரண்டு வீட்டுக்கும் ஒரே ஆசாரி செய்த பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் சிக்னலில் என்ன விசேஷம் என்றால், அவர்கள் நம்மைப் பற்றி எதையும் சேர்த்து வைப்பதில்லை. யார் யாரிடம் எப்போது பேசினார் என்ற கணக்கு அவர்களிடம் கிடையாது. 2016-இல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவு ஒன்று வந்தபோது அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: அந்தக் கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். லாப நோக்கில்லாத ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. வாட்ஸ்அப்பை நடத்துவது மெட்டா. செய்தியைப் படிக்காவிட்டாலும் யாரோடு, எப்போது என்பது அங்கே தெரியும். பத்திரிகையாளருக்கும் போராட்டக்காரருக்கும் இது உயிர் போகும் வித்தியாசம். ஈரோட்டு ஆடிட்டர் ஆபீஸுக்கு? என் கணக்கில் சின்ன வித்தியாசம்தான். ஒரு பார்ட்டி ஜூலை மாதத்தில் ஆடிட்டரோடு பேசினார் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம்.

டெலிகிராம் வேண்டாம். பெரிய பெரிய ஃபைலை வாங்கிக்கொள்கிறது என்பதால் நிறைய ஆபீஸில் ஓடுகிறது, தெரியும். ஆனால் சாதாரண டெலிகிராம் பேச்சுக்கு முழு மறையாக்கம் இல்லை. 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் திறந்தால்தான் உண்டு, அதுவும் இரண்டு பேருக்குள் மட்டும். குரூப்புக்கு கிடையவே கிடையாது. பாதுகாப்பு என்ற பெயர் எப்படியோ அதற்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அரட்டை நம் ஜோஹோ கம்பெனியுடையது. சாரின் மகனுக்கு அதன்மேல் இருக்கும் பாசம் எனக்கும் உண்டு. 2025 செப்டம்பர், அக்டோபரில் நாடே அதைப் பதிவிறக்கிய சமயத்தில் அழைப்புகளுக்கு முழு மறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. கொண்டு வருவோம் என்று சொல்லியிருந்தார்கள். போடுவதானால், நீங்கள் போடும் அன்றைக்கு எழுத்துச் செய்திக்கும் குரூப்புக்கும் அது இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பார்த்துவிட்டுப் போடுங்கள். எப்படியானாலும் அந்தப் பிள்ளை அரட்டையிலும் தவறான பெயரை அழுத்தலாம்.

சரி, இனி முனைகளுக்கு வருவோம். கசிவெல்லாம் அங்கேதான்.

போன வருடம் ஒரு ஆபீஸுக்குப் போயிருந்தேன், ஊர் வேண்டாம். வரவேற்பு மேசையில் ஒரு கம்ப்யூட்டர், அதில் முதலாளியின் வாட்ஸ்அப் வெப் திறந்து கிடந்தது. கூரியர்காரர் கையெழுத்துக்காகக் காத்து நிற்கிறார், அவர் கண்ணுக்கு நேரே ஏதோ ஒரு குடும்பத்தின் சொத்துத் தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது. எப்போது இணைத்தது என்று கேட்டேன். கொரோனா சமயத்தில் என்றார்கள். முதலாளியின் போன் தினமும் இயங்கிக்கொண்டிருக்கும் வரை அந்த இணைப்பு தானாக அறுந்துபோகாது. போனைத் தொடர்ந்து 14 நாள் பயன்படுத்தாமல் வைத்தால்தான் போகும். முதலாளி எங்கே போனை 14 நாள் கீழே வைக்கப் போகிறார்?

இன்னொரு முனை பேக்கப். வாட்ஸ்அப் செய்தி வழியில் பூட்டிப் போகிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அது கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ நகலாகும்போது, நீங்கள் தனியாகச் சொல்லி வைக்காவிட்டால் அந்தப் பூட்டு கூடப் போவதில்லை. முன்வாசலுக்கு இரும்புக் கதவு, கொல்லையில் வெறும் படல். 2021 அக்டோபரிலிருந்து பேக்கப்பையும் மறையாக்கம் செய்யும் வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் சாட்ஸ், அதற்குள் சாட் பேக்கப், அதற்குள் பார்த்தால் கிடைக்கும். ஒன்பது போனிலும் போடுங்கள். அதற்கு வைக்கும் பாஸ்வேர்டை மறந்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது, அதை மட்டும் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கேலரி. பார்ட்டி அனுப்பும் பான் கார்டு படம் போனின் கேலரியில் விழுகிறது. அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கு ஏறினால், வீட்டு டேப்லெட்டில் தங்கை வளைகாப்புப் படங்களுக்கு நடுவே யாரோ ஒரு ஜவுளி வியாபாரியின் ஆதார் வரும். சிரிப்பதற்குச் சொல்லவில்லை, என் போனிலேயே ஒரு காலத்தில் நடந்தது. சாட் செட்டிங்ஸில் 'மீடியா விசிபிலிட்டி' என்று இருப்பதை அணைத்துவிட்டால் இனி வருவது கேலரிக்குப் போகாது. பழையதைக் கையால்தான் அழிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய முனை ஒன்று இருக்கிறது, நீங்கள் கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. ஆர்ட்டிகிள்ஷிப் முன்பு மூன்று வருடம், 2023 ஜூலைக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இரண்டு. நான்கு பிள்ளைகள் என்றால் சராசரியாக வருடத்துக்கு இரண்டு பேர் வெளியே போவார்கள். உங்கள் பதினோரு வருடத்தில் எத்தனை பேர் போயிருப்பார்கள்? பன்னிரண்டு, பதினைந்து? போன அன்றே குரூப்பிலிருந்து நீக்கியிருப்பீர்கள். ஆனால் நீக்குவதற்கு முன்னால் வந்ததெல்லாம் அவர்கள் போனில் அப்படியே இருக்கும். அந்தப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் போன் தொலையும், பழைய விலைக்குப் போகும், தம்பி கைக்குப் போகும். கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே கோப்பை, அதாவது போனில் திருட்டு ஆப்பை ஏற்றிவிடும் கோப்பை, அம்மா தொட்டுவிடுவார்.

சிக்னலுக்கு மாறினாலும் இது மாறாது. சிக்னலும் அவரவர் சொந்த நம்பரில், அவரவர் சொந்தப் போனில் இருப்பதுதான். வேலையை விட்டுப் போகிறவரின் போனிலிருந்து ஆபீஸ் தகவலை எடுக்க உங்களுக்கு எந்தச் சாவியும் இல்லை.

இதனால்தான் உள்வேலைக்கு ஆபீஸ் பெயரில் வாங்கிய கணக்கு என்றேன். கூகுள் சாட், டீம்ஸ், ஜோஹோ கிளிக் இவற்றின் சாதாரணப் பேச்சுக்கு சிக்னல் மாதிரி முழு மறையாக்கம் கிடையாது. நடத்தும் கம்பெனி நினைத்தால் பார்க்க முடியும்தான், மறைக்கவில்லை. ஆனால் உங்கள் ஆபீஸின் ஆபத்து அந்தக் கம்பெனியிலிருந்து வரவில்லை. பக்கத்து மேசையிலிருந்தும், போன வருடம் விலகிய பிள்ளையின் போனிலிருந்தும், ஒரே பெயருள்ள இரண்டு பார்ட்டிகளிடமிருந்தும் வருகிறது. அதற்கு மருந்து, கணக்கு ஆபீஸுடையதாக இருப்பது. ஒருவர் போகும் அன்று மாலை ஐந்து மணிக்கு நீங்கள் அவர் கணக்கை மூடினால் பேச்சும் கோப்பும் அவருக்கு அங்கேயே நின்றுவிடும். அவர் ஏற்கெனவே இறக்கி வைத்ததை இதுவும் எடுத்துவராது என்பதால், சொந்தப் போனில் இறக்க விடாதபடி ஆரம்பத்திலேயே அமைப்பில் கட்டிவிடச் சொல்லுங்கள். யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்ற பதிவும் இருக்கும். ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டடுக்கு லாகின், அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும், கட்டாயம். அதை மட்டும் விட்டுவிட்டால் காசு கொடுத்து வாங்கியதே வீண்.

கோப்பை அனுப்பும்போது கோப்பாக அனுப்பாமல் இணைப்பாக அனுப்பிப் பழகுங்கள். பார்ட்டியின் ஜிமெயில் முகவரிக்கு மட்டும் திறக்கும்படி பகிர்ந்தால், தவறான ஆளுக்குப் போனாலும் அவருக்குத் திறக்காது. ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் பெரும்பாலானவருக்கு ஒரு ஜிமெயில் இருக்கும். இல்லாதவர் பத்துப் பேர் இருந்தால் அவர்களுக்குக் காகிதத்தில் கொடுங்கள், குறைந்து போய்விட மாட்டோம். போனில் பார்ட்டி பெயரைச் சேமிக்கும்போது பெயரோடு ஃபைல் நம்பரையும் சேருங்கள். பெரிய தொழில்நுட்பம் எதுவுமில்லை, ஆனால் போன மாதம் நடந்ததற்கு நேரான மருந்து இதுதான். எந்த ஆப்பும் தராதது.

ஸ்டேட்மெண்டை பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப்பாகத்தானே அனுப்புகிறோம் என்று சார் கேட்கலாம். அந்தப் பாஸ்வேர்டு என்ன என்று பாருங்கள். இ-ஆதாருக்குப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும். வருமான வரித் தளத்திலிருந்து இறக்கும் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கைக்குச் சிறிய ஆங்கில எழுத்தில் பான், அதோடு பிறந்த தேதி. உங்கள் குரூப்பில் அதே பார்ட்டியின் பான் கார்டு இரண்டு செய்தி மேலே கிடக்கிறது, பிறந்த தேதியும் அதிலேயே அச்சாகியிருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு மீட்டர் பெட்டி மேல் சாவியை வைத்த கதை. தேவையில்லாத இடத்துக்கு முதல் எட்டு இலக்கத்தை மறைத்த ஆதாரை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

இதோடு சேர்த்து ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. பிடிஎஃப் அளவைக் குறைக்கவும் பூட்டு எடுக்கவும் உங்கள் பிள்ளைகள் எந்த இணையதளத்துக்குப் போகிறார்கள்? இலவசமாகச் செய்து தரும் ஏதோ ஒரு தளத்தில் பார்ட்டியின் பாலன்ஸ் ஷீட்டை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். நான் பார்த்த ஆபீஸ்கள் பலவற்றில் இதுதான் நடக்கிறது. மெசேஜ் ஆப்பை அலசி ஆராய்ந்துவிட்டு இதை விட்டுவிட்டால் என்ன பயன்? கம்ப்யூட்டரிலேயே வேலை செய்யும் மென்பொருள் ஒன்றை வாங்கிப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது பாஸ்வேர்டு. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஸ்டேட்மெண்ட் வெளியே போனால் சங்கடம், பாஸ்வேர்டு வெளியே போனால் வழக்கு.

வரித் தளத்து பாஸ்வேர்டு குரூப்பில் வருகிறது, யாரோ ஒருவர் அதைப் பார்த்து எக்செல்லில் ஏற்றுகிறார், எக்செல் எல்லோர் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. சரிதானே? முந்நூறு பார்ட்டியின் லாகினும் ஒரே தாளில். அதற்குப் பதிலாகப் பாஸ்வேர்டு பெட்டகம் என்று சொல்லத்தக்க செயலி ஒன்று வேண்டும். பிட்வார்டன் இருக்கிறது, அதன் மூல நிரல் எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடப்பது. ஜோஹோ வால்ட் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனி லாகின். எந்தப் பார்ட்டியை யார் பார்க்கிறாரோ அந்தப் பாஸ்வேர்டு மட்டும் அவருக்குத் தெரியும். ஒருவர் விலகினால் அவர் பார்த்துவந்த பார்ட்டிகளின் பட்டியலை எடுத்து அந்தப் பாஸ்வேர்டுகளை மாற்றினால் போதும், முந்நூறையும் மாற்ற வேண்டியதில்லை. பெட்டகத்தின் தலைமைப் பாஸ்வேர்டு மட்டும் நீளமாக இருக்கட்டும், நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்த மாதிரி. 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற பெட்டக நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களையே நகலெடுத்துப் போய்விட்டார்கள். அப்படியொரு நாளில் நம்மைக் காப்பாற்றுவது தலைமைப் பாஸ்வேர்டின் நீளம்தான்.

அதைவிட நல்லது, பாஸ்வேர்டையே வாங்காமல் வேலை நடப்பது. வருமான வரித் தளத்தில் பார்ட்டி தன் லாகினிலிருந்து உங்கள் சாரைத் தன் சார்ட்டர்ட் அக்கவுண்டண்டாகச் சேர்த்துவிட்டால், ஆடிட் ரிப்போர்ட்டை சார் தன் லாகினிலிருந்தே ஏற்றலாம். பார்ட்டி ஒப்புக்கொண்டால் முடிந்தது. சரக்கு அனுப்பும்போது எடுக்கும் இ-வே பில்லுக்கான தளத்தில் துணைப் பயனர் உருவாக்கலாம். ஆளுக்கொரு லாகின், ஆளுக்கொரு போன் நம்பர். 2025 ஏப்ரல் 1 முதல் அங்கே எல்லோருக்கும் இரண்டடுக்கு லாகின் வந்துவிட்டதால், முதலாளியிடம் ஓடிபி கேட்டு நச்சரிக்காமல் இருக்கவும் இதுதான் வழி. சாருக்கு இவை தெரிந்திருக்கும். பார்ட்டிக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்குப் பாஸ்வேர்டை வாங்கிவிடலாமே என்று விட்டிருப்பார்கள்.

ஓடிபியை எழுத்தில் கேட்காதீர்கள், குரூப்பில் சுத்தமாகக் கூடாது. ஓடிபி வந்தால் ஆபீஸுக்கு அனுப்பு என்று வருடம் முழுக்க நாமே பார்ட்டியைப் பழக்கிவிட்டு, பிறகு ஒரு திருடன் ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்று கேட்டால் அவர் ஏன் யோசிக்கப் போகிறார்? ரிட்டர்னை ஏற்றிய பிறகு சரிபார்க்க 30 நாள் இருக்கிறது. ஒப்புகை எண்ணைப் பார்ட்டிக்குக் கொடுத்தால், லாகின் கூடச் செய்யாமல் தளத்தின் முகப்பிலேயே 'இ-வெரிஃபை ரிட்டர்ன்' பகுதியில் பான், ஆண்டு, ஒப்புகை எண் போட்டு அவரே முடித்துவிடலாம். முடியாதவருக்குப் போன் போட்டு, அவர் நம் குரலை அடையாளம் கண்டபின் அப்போதே கேட்டு அப்போதே போட்டுவிடுங்கள். (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் டிஎஸ்சி டோக்கன் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டி அதன் பாஸ்வேர்டை எழுதியிருக்கிறீர்களா? நான் கேட்கவே இல்லை. ஸ்டிக்கரை மட்டும் இன்றே கிழித்துவிடுங்கள்.)

இனி சிக்னல் எதற்கு என்றால், சாரும் நீங்களும், தேவைப்பட்டால் ஒரு பார்ட்டியும் மட்டும் அறிய வேண்டிய பேச்சுக்கு. ஒரு இடத்தில் வருமான வரித் துறையின் சர்வே வந்திருக்கிறது, கூட்டாளிகள் பிரிகிறார்கள், ஒரு குடும்பத்தில் பாகம் பிரிக்கிறார்கள், இந்த மாதிரி. செய்தி தானாக மறையும் நேரத்தை ஒரு வாரம் என்று வையுங்கள். பதிவுப் பூட்டு என்று ஒரு பின் நம்பர் உண்டு, அதைப் போடுங்கள். முதல் முறை நேரில் உட்கார்ந்து இருவர் போனிலும் பாதுகாப்பு எண்ணை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். குரூப்பில் சேரக் க்யூஆர் ஸ்கேன் பண்ணு என்று யாராவது அனுப்பினால் தொடவே வேண்டாம். குரூப் அழைப்பு மாதிரி வேடமிட்டு, உண்மையில் தங்கள் கம்ப்யூட்டரை உங்கள் கணக்கோடு இணைத்துக்கொள்ளும் தந்திரம் அது. உக்ரைன்காரர்கள் மீது ரஷ்யத் தரப்பினர் இதைப் பயன்படுத்தியதை 2025 பிப்ரவரியில் கூகுள் வெளியிட்டது. இங்கே அதே வேலையை வாட்ஸ்அப்பில் செய்ய அவ்வளவு பெரிய ஆள் தேவையில்லை.

மறையும் செய்தி என்றதும் எல்லாவற்றையும் மறைய விடலாம் என்று சார் உற்சாகப்படக் கூடும். அது வேறு சிக்கல். ஆடிட் வேலைத் தாள்களைக் குறைந்தது 7 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று ஆடிட்டர்கள் சங்கத்தின் தரக் கட்டுப்பாட்டு விதி சொல்கிறது. இந்தச் செலவை இப்படிக் காட்டுங்கள் என்று பார்ட்டி சொன்னது சிக்னலில் வந்து ஒரு வாரத்தில் மறைந்துபோனால், மூன்று வருடம் கழித்து நோட்டீஸ் வரும்போது யார் சொன்னது என்பதற்கு என்ன ஆதாரம்? முடிவு எதுவோ அது மின்னஞ்சலில் ஒரு வரியாக வந்துவிட வேண்டும், அந்த மின்னஞ்சல் ஃபைலில் சேர வேண்டும். மறையட்டும் என்று விடுவது பேச்சை மட்டும்.

இரண்டும் வேண்டும், செய்தி ரகசியமாகவும் இருக்கட்டும், நகலும் சேரட்டும் என்று ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே வால்ட்ஸ்தான் உதாரணம். 2025 மே மாதத் தொடக்கத்தில் அவர் போனைப் பக்கத்திலிருந்து எடுத்த ஒரு புகைப்படம் வெளிவந்தது. அதில் இருந்தது அசல் சிக்னல் இல்லை. செய்திகளை நகலெடுத்துச் சேமிக்கும் டெலிமெசேஜ் என்ற மாற்று வடிவம். சில நாளிலேயே யாரோ அந்த நிறுவனத்துக்குள் புகுந்து சேமித்த செய்திகளில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார். நம் ஊரில் இதற்கு இணை ஜிபி வாட்ஸ்அப், வேறு யாரோ மாற்றிச் செய்த வாட்ஸ்அப். உங்கள் ஒன்பது பேரில் ஒருவர் போனிலாவது இருக்கும், கேட்டுப் பாருங்கள். பச்சை நிறத்தில் அழகான தீம் வருகிறது என்று போட்டிருப்பார்கள். அது இருக்கும் போனுக்கு ஆபீஸ் தகவல் எதுவும் போகக் கூடாது.

முந்நூறு பார்ட்டிகளை வாட்ஸ்அப்பிலிருந்து நகர்த்த முயலாதீர்கள். அவர்கள் வர மாட்டார்கள், வராதவர்கள் பிள்ளைகளின் சொந்த நம்பருக்கு அனுப்புவார்கள், இப்போது இருப்பதைவிட மோசமாகும். அதற்குப் பதில் ஆபீஸுக்கு ஒரே ஒரு போன், ஒரே நம்பர். பார்ட்டி அனுப்புவது அதற்கு மட்டும் வரட்டும். உங்களில் ஒருவர் அன்றன்றைக்கு வந்ததை ஆபீஸ் ஃபோல்டரில் பார்ட்டி பெயருக்குள் போட்டுவிட்டுப் போனிலிருந்து அழிக்க வேண்டும். ஆர்ட்டிகிள் பிள்ளைகள் ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். குரூப் இருக்கட்டும், 'இன்று டீ யார் வாங்குவது' என்பதற்கு.

சார் செலவுக்குத் தயங்கினால் இரண்டு விஷயம் காதில் போடுங்கள். பார்ட்டியின் தகவலை அவர் சம்மதமின்றி வெளியிடுவது 1949-ஆம் வருடச் சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட்ஸ் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் தொழில் ஒழுங்கீனம் என்று முதல் பிரிவாகவே இருக்கிறது. அவருக்குத் தெரியாதது இல்லை, ஞாபகப்படுத்துவதுதான். மற்றது 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். தகவலை ஒழுங்காகப் பாதுகாக்காமல் விட்டால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். உங்கள் ஆபீஸுக்கு அவ்வளவு போட மாட்டார்கள். ஆனால் தகவல் கசிந்தால் பார்ட்டிக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற கடமை அதில் இருக்கிறது. ஈரோடு மாதிரி ஊரில் அபராதத்தைவிட அதுதான் வலிக்கும். அந்த இரண்டு பார்ட்டிகளில் யாருடைய ஸ்டேட்மெண்ட் போனதோ அவரிடம் சார் நேரில் போய்ச் சொல்லிவிட்டாரா? இல்லையென்றால் இந்த வாரமே போகட்டும்.

எதையும் வாங்குவதற்கு முன்னால், வருகிற சனிக்கிழமை மதியம் ஒன்பது பேரையும் உட்கார வைத்து, போனை எடுத்து, வாட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' திறக்கச் சொல்லுங்கள். அடையாளம் தெரியாத கம்ப்யூட்டர் எதுவானாலும் அங்கேயே லாக் அவுட். அப்படியே இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்கப் பின்னையும் போட்டுவிடுங்கள். சாரின் போனில் இருந்து தொடங்குங்கள். மொத்தம் எத்தனை இணைப்பு வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதினால், அடுத்து வரும் ஆபீஸுக்குச் சொல்ல எனக்கும் ஒரு கணக்கு கிடைக்கும்.